தம்பி கைக்குப் போன காப்பு

எங்கள் மூத்தார் சம்மந்தம், ஏழு பேருக்கு உலை வைக்கிற வீட்டில் இருந்துகொண்டு தனியாகச் சாப்பிட்டவர். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் சாப்பிடும்போது எதிரில் நிற்கவும் கூடாது. நான் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்புச் சட்டியைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அதற்குப் பிறகுதான் அவர் வந்து உட்காருவார். உப்புப் போட மறந்திருந்தால் உப்பில்லாமலே தின்றுவிட்டுக் கையைக் கழுவுவார். யாரிடம் சொல்ல முடியும்? என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் பிறகு வந்து சாப்பிட்டு முகத்தைச் சுளித்தால்தான் எனக்கே விஷயம் தெரியும்.

1948-ல் வில்லியனூரிலிருந்து குருவிநத்தத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மூத்தாருக்கு நாற்பது வயதை நெருங்கியிருந்தது. அவர் பெண்டாட்டி ஆண்டாள், கல்யாணமான ஏழாம் மாசமே வாந்திபேதியில் போய்விட்டாளாம். அப்புறம் ஏன் இரண்டாவது கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அவருக்காக யாரும் போய்ப் பெண் கேட்கவில்லை. மாமனார் இல்லை. மாமியாருக்குப் பாதி நாள் படுக்கை. தம்பி அப்போது பையன். தனக்குத் தானே போய்ப் பெண் கேட்கிற ஆள் அவர் இல்லை.

தொழில், வெல்ல வியாபாரம். கரும்பாலை ஆடுகிற மாசங்களில் வண்டி கட்டிக்கொண்டு போய் ஆலைக்கொட்டகையிலேயே வெல்லம் எடுத்து, பாகூரில் ஒரு சின்னக் கடையில் போட்டு விற்பார். வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டாரென்றால் எந்தக் கொல்லைக் கரும்பு என்று சொல்லிவிடுவார். அதுகூட வாயைத் திறந்து சொல்வது குறைவு. தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டாமல் இருப்பார்.

அவருக்கென்று ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. திரௌபதியம்மன் கோயிலின் ஊர்க்காப்பு.

வைகாசியில் எங்கள் ஊரில் பதினெட்டு நாள் திருவிழா. முதல் நாள் ஊர் சார்பாக ஒருவர் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டியவர் அன்றிலிருந்து கோயிலிலேயே படுக்க வேண்டும், ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், எல்லை தாண்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. பதினெட்டாம் நாள் பூசாரி கரகத்தோடு நெருப்பில் இறங்கினால் அவருக்குப் பின்னால் முதல் ஆளாக இறங்குகிறவர் ஊர்க்காப்புக்காரர்தான். அவர் இறங்காமல் ஊர் இறங்காது. 1938-ல் பழைய காப்புக்காரர் படுத்தபடுக்கையானபோது அதை யார் தலையில் கட்டலாம் என்று ஊர் பார்த்தது. பெண்டாட்டி இல்லாதவன், பிள்ளை இல்லாதவன், பதினெட்டு நாள் வீட்டில் தேட ஆளில்லாதவன் என்று இவரைப் பிடித்தார்கள். "ஒனக்கு இன்னாப்பா, தனிக்கட்ட" என்றுதான் சொன்னார்களாம்.

தள்ளிவிட்டது ஊர். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வருஷத்தில் முன்னூற்று நாற்பத்தேழு நாள் யார் கண்ணிலும் படாத மனுஷனுக்குப் பதினெட்டு நாள் பெரிய ஆம்பளைகள் எழுந்து வழிவிடுவார்கள். அந்த நாட்களில் கோயில் பக்கம் தண்ணீருக்குப் போகும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். முதுகு நிமிர்ந்திருக்கும். திருவிழா முடிந்து கயிறு அவிழ்த்த மறுநாளே பழைய கூன் வந்து உட்கார்ந்துவிடும்.

1959 பங்குனியில் அந்தக் கடிதம் வந்தது. பிரெஞ்சுக்காரன் போய் நாலரை வருஷம் ஆகியிருந்தது. பல ஊர் சேர்ந்த பாகூர் கொம்யூனின் ஆபீசை நாங்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்வோம். ஆனால் அங்கே வருகிற காகிதமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. மூத்தார் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் படித்தவர். இங்கிலீஷ் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். கிராம சேவக் சிங்காரவேலு என்று ஒரு புதுப் பையன், புது சைக்கிள், புதுச் சட்டை, அவன்தான் வீட்டு வாசலில் நின்று படித்துச் சொன்னான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தெற்கே ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். கோடை லீவில் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் ஹாஸ்டல் காலியாகிறது இல்லையா, அதில் பன்னிரண்டு நாள் பெரியவர்களைக் கூட்டிவைத்துத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறார்களாம். வருகிறவன் வியாபாரியாக இருக்க வேண்டும். கோயிலோ சர்ச்சோ மசூதியோ ஏதாவது ஒன்றில் பொறுப்பும் இருக்க வேண்டும். வியாபாரமும் சமயமும் சேர்ந்த ஆட்கள்தான் இனி நாட்டுக்குத் தலைவர்கள் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கொம்யூனிலிருந்தும் ஓர் ஆள். பாகூருக்கு மேரியில் இவர் பேரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஏன் இவர்? அதையும் சிங்காரவேலு சொன்னான். பெரிய வியாபாரிகள் யாரும் பன்னிரண்டு நாள் கடையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார்களாம். மறுபடியும் அதே தனிக்கட்டைக் கணக்குதான்.

கூட வந்த விண்ணப்பப் பாரத்தில் 'சமயப் பொறுப்பு' என்று ஓர் இடம். மூத்தார் சொன்னதைச் சிங்காரவேலு எழுதினான்: இருபத்தோரு வருஷமாக ஊர்க்காப்பு. எழுதி முடித்துப் பயிற்சித் தேதியைப் பார்த்தான். வைகாசி. திருவிழாவின் நடு மத்தி.

காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது. காப்புக் கட்டுகிறவர் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமென்றால் காப்பைக் கட்டக் கூடாது. இந்தக் கூத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மூத்தார் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் அவர் பேர் மட்டும் கையெழுத்தில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவர் ஊரில் நாலைந்து வீடு ஏறினார். இந்த ஒரு வருஷம் மட்டும் யாராவது கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். இருபத்தோரு வருஷத்தில் அவர் ஊரிடம் கேட்டது இது ஒன்றுதான். ஒருத்தன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்றான். ஒருத்தனுக்கு மகள் கல்யாணம். இன்னொருத்தன் உண்மையைச் சொன்னான், பதினெட்டு நாள் சாராயம் இல்லாமல் தன்னால் முடியாது என்று. எல்லோரும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்தார்களாம். உனக்கு வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நீயே கட்டிக்கொண்டு போயேன், இந்த வயசில் என்ன படிப்பு.

கடைசி வீட்டிலும் கேட்டுவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் இலையில் வைத்த சோறு அப்படியே கிடந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. ஊர் மேல் பாதி, வீணாய்ப் போன சோற்றின் மேல் பாதி. என் வீட்டுக்காரர் கை கழுவுவதற்குள் ஆரம்பித்தேன்.

"ஏங்க, ஒரு வருஷம் நீங்க கட்டிக்கினா இன்னா?"

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுடி."

"பொண்டாட்டி நாந்தான். நானே சொல்றேன், போய்க் கோயில்ல படுங்க. பதினெட்டு நாளு கொறட்ட சத்தமில்லாம நானும் தூங்குவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தார் இருந்தது எனக்குத் தெரியும். அவர் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டார்.

"அரி, ஒம் பொண்டாட்டியாண்ட சொல்லு. நல்லா யோசிச்சி சொல்லச் சொல்லு."

"யோசிச்சாச்சின்னு சொல்லுங்க" என்றேன்.

வீட்டுக்குள்ளேயே முடிகிற காரியத்துக்கு ஊரெல்லாம் போய்க் கெஞ்சுவானேன் என்று எனக்கு என் மேலேயே ஒரு மெச்சல். அந்த மெச்சல் எத்தனை நாள் நின்றது என்று பின்னால் சொல்கிறேன்.

காப்புக் கட்டுகிற நாள் கோயிலில் பெண்கள் பக்கத்தில் நானும் நின்றேன். முறை என்னவென்றால், புதிதாகக் கட்டிக்கொள்கிறவன் பழைய ஆளின் காலில் விழுந்து எழ வேண்டும். அப்புறம் பழைய ஆள் அம்மன் காலடியிலிருந்து கயிற்றை எடுத்து அவன் கையில் கட்டுவார். என் வீட்டுக்காரர் அண்ணன் காலில் விழுந்தார். பொங்கலுக்குப் பொங்கல் விழுகிற கால்தானே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கிரி பூசாரி மட்டும் மூத்தாரைப் பார்த்து, கட்டிடலாமா என்று கேட்டார். மூத்தார் தலையை ஆட்டினார். பூசாரி திரும்பவும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். அதுவும் முறைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூத்தார் கட்டினார். முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக இழுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு தகரப் பெட்டியோடு ஆற்றைத் தாண்டிக் கடலூருக்கு ரயில் ஏறப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்காரருக்கு மாற்று வேட்டி கொடுக்கப் போனேன். பக்கிரி பூசாரி பூ கட்டிக்கொண்டிருந்தார். உங்க வூட்டுக்காரரு பரவால்லையே, ஆயுசுக்கும் இனி இவருதான் என்றார். அடுத்த வருஷம் அவர் அண்ணன் கட்டிக்கொள்வார் என்று நான் சொன்னேன். பூசாரி பூவைக் கீழே வைத்தார்.

"எப்பிடிம்மா கட்டிக்குவாரு? வாங்கறவன் குடுக்கறவன் கால்ல வுழணும். அண்ணன் போயி தம்பி கால்ல வுழுவானா? வுழுந்தா தம்பிக்கு ஆயுசு நிக்குமா?"

அவர் வயசுக்காரன் எவனாவது இந்த வருஷம் கட்டியிருந்தால், சம வயசுக்குத் தோஷமில்லை, அடுத்த வருஷம் அவன் காலில் விழுந்து திரும்ப வாங்கியிருக்கலாமாம். ஊரில் அவர் வயசுக்காரன் எவனும் வரவில்லை. நான்தான் இளையவனைப் பிடித்துத் தள்ளினேன். காப்பு கீழே போனால் கீழேயே போக வேண்டியதுதான்.

இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். இருபத்தோரு வருஷம் கட்டியவருக்குத் தெரியாமலா, அதனால்தானே மூன்று தடவை கேட்டேன் என்றார் பூசாரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். பெண்களிடம் இதையெல்லாம் சொல்வதில்லை என்றார். சொல்லாமல் இருந்தால் மட்டும் நாங்கள் கெடுக்காமல் இருந்துவிடுவோமா என்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினாலாம் நாள் மூத்தார் திரும்பி வந்தார். தம்பி கோயிலில். மாமியாருக்குக் காது போய் வருஷக்கணக்காகிறது. பிள்ளைகள் கூத்துப் பார்க்கப் போயிருந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. இலை போட்டேன், சோறு வைத்தேன், உள்ளே போனேன். அவர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எதிரில் இருந்த தூணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

அவர் அவ்வளவு பேசி நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முப்பத்திரண்டு பேராம். காரைக்கால் பக்கத்து ராவுத்தர் ஒருவர், தர்காவில் கந்தூரிச் சோற்றுக்குப் பொறுப்பாம். வில்லியனூரிலிருந்து மெழுகுவத்தி வியாபாரி இன்னாசிமுத்து, மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிறவர். ஜவுளிக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள். காலையில் ஒரு புரபசர் சீமையில் வியாபாரிகள் எப்படித் தர்மம் பார்த்தார்கள் என்று பேசுவார். மத்தியானம் இவர்களைப் பேசச் சொல்வார். மூத்தார் முறை வந்தபோது, கையில் காப்புக் கட்டியிருக்கும்போது உங்கள் வியாபாரம் எப்படி மாறுகிறது என்று புரபசர் கேட்டிருக்கிறார். இவர் உள்ளதைச் சொன்னார். காப்புக் கட்டினால் பொய் சொல்லக் கூடாது, வெல்ல வியாபாரத்தில் பொய் சொல்லாமல் முடியாது, அதனால் வேறு ஆளையும் உட்காரவைக்காமல் பதினெட்டு நாளும் கடையை மூடிவிடுவேன்.

ஹாலே சிரித்ததாம். புரபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இவரை முன்னால் வந்து உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாராம். எது பொய், எவ்வளவு பொய், கடையைத் திறந்ததும் முதல் பொய் எப்போது. எழுதிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் போனால் சம்மந்தம் சார் இங்கே உட்காருங்கள், இல்லை இங்கே என்று நாலு பேர் கூப்பிட்டார்களாம்.

"முப்பத்திரெண்டு பேரும் ஒரே வரிசையில" என்றார் தூணிடம். "ரெண்டு பக்கமும் ஆளு."

நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, நகரவில்லை.

கடைசி நாள் அந்தப் புரபசர், இந்த வருஷம் உங்கள் கையில் காப்பு இல்லையே, அடுத்த வருஷம் நாங்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

"அடுத்த வருசம் எனக்கு வந்துடும்னு சொல்லிட்டேன். காப்பு இல்லாத கையிதான, சொல்லலாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வாசற்படி தாண்டும்போது திரும்பாமல் ஒன்று சொன்னார். தெரிந்தேதான் போனேன், யாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. அந்த 'யாரும்' நான்தான்.

தெரிந்தே போனவர்தான். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுப்பது வேறு, அது இல்லாமல் இருந்து பார்ப்பது வேறு. அவருக்கே அது பதினெட்டாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. நெருப்புக்குழியைச் சுற்றி ஊர் முழுக்க நின்றது. வேடிக்கை பார்ப்பதற்கும் எங்கள் ஊரில் இடம் உண்டு. தெற்கே பெண்கள், வடக்கே பங்காளிகள் குடும்பம் குடும்பமாக, கிழக்கே வெளியூர் விருந்தாளிகள். மூத்தார் வந்தார். வடக்கே போனார், ஆளாளுக்குத் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றதில் நுழைய முடியவில்லை. கிழக்கே போனார். அங்கே யாரோ ஒரு வெளியூர்க்காரன், பெரியவரே மறைக்கிறீர் என்றான். இருபத்தோரு வருஷம் நெருப்புப் பக்கத்திலிருந்தே கூட்டத்தைப் பார்த்த மனுஷன், கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தம்பி இறங்கி ஏறினபோது அவர் எங்கே நின்றார் என்று நான் பார்க்கவில்லை. நான் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஊருக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. பயிற்சிக்குப் போய் வந்ததற்கு ஒரு சர்டிபிகேட் தபாலில் வந்தது. அதில் இவரைத் தலைவர் என்று போட்டிருக்கிறது, கூட இருந்த குறிப்பில் பொய் சொல்லக் கூடாத நாளில் வெல்லக் கடையை மூடுகிறவர் என்று எழுதியிருக்கிறது என்று சிங்காரவேலு நல்லெண்ணத்தில்தான் படித்தான். அன்றிலிருந்து கடைக்குப் போகிற வழியெல்லாம், இன்னா லீடரே, வெல்லம் இன்னா வெல, பொய்யில்லாம சொல்லு என்பார்கள். ஹாலில் சிரித்தார்களே, அதே பேச்சுக்குத்தான் இவர்களும் சிரித்தார்கள். இங்கே யாரும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லவில்லை. முன்பு ஆலைக்கொட்டகையில் சும்மாவாவது போய் நிற்பார். அதையும் விட்டார். சோற்றுக்கு வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று.

1960. காப்புக் கட்டுகிற நாள். என் வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியில் அம்மன் முன்னால் நின்றார். பூசாரி கயிற்றை எடுக்கப் போகிற நேரத்தில் மூத்தார் உள்ளே வந்தார். ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தோடு, அவரும் மஞ்சள் வேட்டியில். தம்பியை ஆசீர்வாதம் பண்ண வருகிறார் என்று கூட்டம் விலகிற்று.

"அரி, நில்லு" என்றார்.

கையைக் கூப்பினார். முழங்காலை மடக்கினார். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. என் வீட்டுக்காரர் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்னால் துள்ளிக் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். வாணாம்ணா, வாணாம்ணா என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே. மூத்தார் எழுந்து அவர் பின்னால் போனார். இவர் நகர, அவர் நகர. ஐம்பது வயசுக்காரர் தம்பியின் காலைத் தேடிக் கொடிமரத்தைச் சுற்றுகிறார். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் ஒரு பெரிய ஆள், லீடரு தம்பியத் தொரத்துறாரு பாரு என்றான். அதற்கு மேல் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் மூத்தார் கொடிமரத்தைப் பிடித்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். பூசாரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் பார்க்காதவர் மாதிரி அம்மன் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து இறங்கி நடந்தேன். யாரோ புடவையைப் பிடித்து இழுத்தாள், தட்டிவிட்டேன். அவர் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சோறு போட்ட ஆளை ஒரு தடவையும் நான் கூப்பிட்டதில்லை.

"எழுந்திரிங்க" என்றேன். "வூட்டுக்குப் போலாம்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இவள் இப்படி இருப்பாளா என்று பார்க்கிற பார்வை.

"அரி ஆயுசு நெனப்பே எனக்கு வரலம்மா" என்றார்.

எழுந்து வந்தார். நான் முன்னால் நடந்தேன், பத்தடி விட்டு அவர். பின்னால் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள், கயிறு கட்டியாயிற்று என்று அர்த்தம். தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் கோயிலில். மூத்தாரோடு பேசிவிட்டேன் என்று என்னைப் பற்றி ஊர் ஒரு மாசம் பேசிற்று. பேசட்டும். பேசியது ஒரு வரி, அதுவும் பன்னிரண்டு வருஷம் தாமதமாக.

அடுத்த வருஷத்திலிருந்து கொடியேற்றத்துக்கு முதல் நாளே அவர் ஊரை விட்டுப் போய்விடுவார். இப்போது எல்லை தாண்டத் தடை இல்லையே. வில்லியனூருக்குத்தான் போவார், இன்னாசிமுத்துவின் மெழுகுவத்திக் கடைக்கு. என் பிறந்த வீடு அதே ஊர் என்பதால் என் அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொல்வான். ஒரு ஸ்டூல் போட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாராம். மெழுகுவத்தியைப் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்து நூலால் கட்டிக் கொடுக்கிறாராம். இன்னாசிமுத்து நல்ல மனுஷன்தான், சாப்பாடும் போட்டு இடமும் கொடுக்கிறார். ஆனால் அவருக்கு வியாபாரம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் பயிற்சியைப் பற்றி இரண்டு பேரும் எத்தனை தடவைதான் பேச முடியும்? அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். சாயங்காலம் இவர் மட்டும் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவாராம்.

அந்தப் புரபசரிடமிருந்து ஒரு தடவை தமிழிலேயே கடிதம் வந்தது, திருவிழாவுக்கு வரலாமா என்று கேட்டு. அதைக் காட்டினார், என் வீட்டுக்காரர் மூலமாக அல்ல, நேரே அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போனார். பதில் எழுதினாரா என்று தெரியாது. யாரும் வரவில்லை.

இந்த 1962-ல் பாரீசில் கடைசிக் கையெழுத்தும் ஆயிற்று, இனி நாம் முழுக்க இந்தியா என்று மேரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஊரைக் கைமாற்றி எழுத அவர்களுக்கு எட்டு வருஷம் பிடித்தது. மூத்தார் கையிலிருந்து காப்பை மாற்ற எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. இதைச் சொல்லி நான் அழப் போவதில்லை. அழுதால் கயிறு திரும்பி வராது. நான் செய்தது ஒன்றுதான், அவர் சாப்பிடும்போது இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை. நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வேன். உப்புப் போதுமா என்று கேட்பேன். போதும் என்பார். நிஜமாகப் போதுமா, காப்பில்லாத பதிலா என்று எனக்குத் தெரியாது.

திருவிழா முடிந்து மூன்றாம் நாள் திரும்பி வருவார். இந்த வைகாசியிலும் அப்படித்தான் வந்தார். இலையில் உட்கார்ந்து முதல் உருண்டைக்கு முன்னால், ஊரு எப்பிடி நெருப்புல எறங்கிச்சி என்று கேட்டார். போன வருஷமும் கேட்டதுதான். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வி வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை வந்துவிடும். நான்தான் சொல்வேன். எத்தனை வண்டி விறகு, எத்தனை பேர் இறங்கினார்கள், யார் பாதி வழியில் ஓடினான், யார் அழுதாள். இந்த வருஷம் தெற்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் புகை வந்து கண்ணே தெரியாமல் போயிற்று என்றும் சொன்னேன்.

"காத்து திரும்பிடுச்சி" என்றார் இலையைப் பார்த்துக்கொண்டே. "அஞ்சரைக்கு வில்லியனூர்லயும் திரும்பிச்சி."

அஞ்சரை மணிக்குத்தான் எங்கள் ஊரில் கரகம் குழியில் இறங்கும்.